லண்டன் ‘கேஸ் தி வேர்ட்’ புத்தகக் கடை: யார் போகலாம், என்ன வாங்கலாம்

லண்டனுக்குச் செல்லும் தன்பாலீர்ப்பினருக்கென்று எழுதப்படும் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் சோஹோவின் மதுக்கூடங்களையும் வாக்ஸ்ஹாலின் நடனக் கூடங்களையும் சுற்றியே வருகின்றன. குடிப்பழக்கம் இல்லாதவர்கள், கையில் காசு குறைவாக உள்ள மாணவர்கள், ஐம்பது வயதைக் கடந்து இப்போதுதான் தம்மைப் பற்றி வாய்திறக்கத் தொடங்கியிருப்பவர்கள், மகனோ மகளோ சொன்ன செய்தியை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் உறக்கம் இழந்த பெற்றோர் ஆகியோருக்கு அந்தக் குறிப்புகளில் போக்கிடமே காட்டப்படுவதில்லை. பட்டப்பகலில், சாதாரணமான ஒரு தெருவில், எவரும் உள்ளே நுழைந்து, எதுவும் வாங்காமலேயே வெகுநேரம் நின்று வாசித்துவிட்டு வரக்கூடிய இடம் ஒன்று அந்நகரில் உண்டு. புளூம்ஸ்பரி பகுதியில், மார்ச்மன்ட் தெரு 66ஆம் எண்ணில் இருக்கும் ‘கேஸ் தி வேர்ட்’ என்னும் புத்தகக் கடைதான் அது. 1979 ஜனவரியில் திறக்கப்பட்ட இக்கடை, தன்பாலீர்ப்பினருக்கும் திருநர்களுக்கும் உரிய நூல்களை விற்கும் கடைகளுள் பிரிட்டனிலேயே மிகப் பழையது. லண்டனில் ஒரு பிற்பகல்தான் மிச்சம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கடையைத்தான் சொல்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

வழி எளிது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்கடில்லி தடத்தில் ஏறினால், எங்கும் ரயில் மாறாமல் ரசல் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் போதும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்தும் நடந்தே வந்துவிடலாம். பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடி பிரிட்டிஷ் நூலகத்துக்குச் செல்லும் ஆய்வாளர்களுக்கு இந்தத் தெரு இன்னும் பக்கம். நூலகம் மூடும் நேரத்துக்குக் காத்திராமல் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால் கடை திறந்திருக்கும்போதே வந்து சேரலாம். தெருவில் பெரிய பகட்டு ஏதும் இல்லை. சிற்றுண்டிக் கடைகளும் அன்றாடத் தேவைக்கான கடைகளும் வரிசையாக இருக்க, அவற்றுக்கு நடுவே இதுவும் ஒரு கடையாக நிற்கிறது. அந்தச் சாதாரணத் தன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் ஊர்களில் தன்பாலீர்ப்பினர் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளும் இடங்கள் பேருந்து நிலையத்தின் இருண்ட மூலையாகவோ கடற்கரையின் ஆளரவமற்ற பகுதியாகவோ இருந்த காலம் ஒன்று உண்டு. பலருக்கு இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பால்காரரும் தபால்காரரும் கடந்துபோகும் தெருவில், பெயர்ப்பலகை வெளியே தெரிய, முகப்புக் கண்ணாடி முழுக்கப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு கடை இருக்கிறது என்பதே அந்த நினைவோடு வருகிற ஒருவருக்குப் பெரிய ஆறுதல்.

கடை சிறியது. அகலம் குறைந்து பின்பக்கமாக நீண்டு செல்லும் ஒரே அறை. நுழைந்தவுடன் மேசைகளில் புதிய வரவுகள்; சுவர்களை ஒட்டிப் புனைவு, கவிதை, வரலாறு, தன்வரலாறு, அரசியல், திருநர் வாழ்வு, சமயம், எச்ஐவி, இளையோர் நூல்கள், குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள் எனப் பிரிவுகள். வாழ்த்து அட்டைகளும் உண்டு. இரண்டு மணமகன்கள் கைகோத்து நிற்கும் திருமண வாழ்த்து அட்டையை, பிறந்தநாள் அட்டைக்குப் பக்கத்தில், அதே விலையில், அதே அலட்டலின்மையோடு பார்க்கும்போது, 2014இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின் பொருள் எனக்குச் சட்டப் புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாகப் புரிந்தது. ஓர் உரிமை நிலைபெற்றுவிட்டது என்பதற்கு, அதையொட்டி வாழ்த்து அட்டை விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதைவிட நல்ல சான்று வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆனாலும் இந்தக் கடையின் உண்மையான சரக்கு அங்கே வேலை செய்பவர்களின் வாசிப்புதான். 1989இல் பணிக்குச் சேர்ந்து நீண்ட காலம் மேலாளராகப் பணியாற்றிய ஜிம் மெக்ஸ்வீனியைப் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாக வாசகர்களைப் பார்த்தவர்கள். நான் அங்கு நின்றுகொண்டிருந்த ஒரு நாளில், மழைக்கோட்டைக் கழற்றாமலேயே ஒரு முதிய பெண்மணி உள்ளே வந்தார். கல்லாவில் இருந்தவரிடம் நேராகச் சென்று, “என் பேத்தி போன வாரம் ஒரு விஷயம் சொன்னாள். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளிடம் தப்பாக ஏதும் பேசிவிடக் கூடாது. நான் எதைப் படிக்கட்டும்?” என்று கேட்டார். கல்லாவில் இருந்தவர் எழுந்து வெளியே வந்து, “பேத்திக்கு என்ன வயதம்மா? நீங்கள் வழக்கமாகக் கதை படிப்பவரா, கட்டுரை படிப்பவரா?” என்று விசாரித்தார். பிறகு மூன்று புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஓரிரு பக்கங்களை அங்கேயே நின்று படித்துப் பார்க்கச் சொன்னார். “இதை முதலில் நீங்கள் படித்து முடியுங்கள். பேத்தியிடம் உடனே கொடுத்துவிட வேண்டாம், உங்களுக்குப் பிடித்திருந்தால் அவரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்றில் மெலிதான ஒன்றைத்தான் அந்தப் பெண்மணி வாங்கினார். விலை கூடிய மற்ற இரண்டையும் விற்றுவிட வேண்டும் என்ற அவசரம் கடைக்காரரிடம் இல்லை. இப்படிப்பட்ட உரையாடலை எந்த இணைய விற்பனைத் தளமும் தர முடியாது.

இதற்கு எதிரான அனுபவம் எனக்குத் தமிழ்நாட்டிலேயே உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய புத்தகக் கடையில், தன்பாலீர்ப்பு குறித்த சமூகவியல் நூல் ஒன்றைக் கேட்டபோது, ஊழியர் என்னை ‘மனநலம், பாலியல் மருத்துவம்’ என்று எழுதியிருந்த அலமாரிக்கு அழைத்துச் சென்றார். தூக்கமின்மைக்கும் குடிநோய்க்கும் தீர்வு சொல்லும் நூல்களுக்கு இடையில் நான் கேட்ட நூல் செருகப்பட்டிருந்தது. ரசீது போட்டவர் அட்டையை ஒருமுறையும் என் முகத்தை ஒருமுறையும் பார்த்தார். எவரும் என்னை அவமதிக்கவில்லை. கடுஞ்சொல் ஏதும் இல்லை. ஆனால் இருபது வயதில் ஓர் இளைஞர் அந்த அலமாரிக்கு முன்னால் வந்து நின்றால், தான் ஒரு நோயாளி என்ற செய்தியைத்தான் அந்த அடுக்குமுறை அவருக்குச் சொல்லும். எந்த நூலை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. மார்ச்மன்ட் தெருக் கடையில் அதே வகை நூல் வரலாற்றுக்கும் தன்வரலாற்றுக்கும் பக்கத்தில், வாழ்க்கையைப் பற்றிய நூல்களோடு வாழ்க்கையைப் பற்றிய நூலாக நிற்கிறது.

இவ்வளவும் எளிதில் வந்துவிடவில்லை. எர்னஸ்ட் ஹோல், பீட்டர் டோரி, ஜோனதன் கட்பில் ஆகியோர் இக்கடையைத் தொடங்க முனைந்தபோது, இடத்தைக் குத்தகைக்குத் தர கேம்டன் நகராட்சி முதலில் தயங்கியது. அப்போது அங்கே உறுப்பினராக இருந்து, பின்னாளில் லண்டன் மேயரான கென் லிவிங்ஸ்டனின் ஆதரவோடுதான் அந்தத் தடை நீங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிறைந்த ஆண்களுக்கிடையே தனிமையில் நடைபெறும் உறவு குற்றமல்ல என்று 1967இல் சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. புளூம்ஸ்பரியிலேயே சில காலம் வாழ்ந்த இ. எம். ஃபார்ஸ்டர், இரண்டு ஆண்கள் இறுதியில் சேர்ந்து வாழும் நாவல் ஒன்றை 1914 வாக்கிலேயே எழுதி முடித்திருந்தும், அதைத் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. அவர் 1970இல் மறைந்த பிறகு 1971இல்தான் அது அச்சாயிற்று. அப்படிப்பட்ட நாட்டில் இத்தகைய நூல்களுக்கு உள்ளூர்ப் பதிப்பாளர்கள் குறைவாகவே இருந்தார்கள் என்பதால், கடையின் சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. வந்த வழியே வம்பாகவும் முடிந்தது.

1984 ஏப்ரல் 10 அன்று சுங்கத் துறை அதிகாரிகள் கடைக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கான பவுண்டு மதிப்புள்ள நூல்களை அள்ளிச் சென்றார்கள். டென்னசி வில்லியம்ஸ், கோர் விடால், கிறிஸ்டோபர் இஷர்வுட், ஜான் ஜெனே ஆகியோரின் எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். இவர்களுள் இஷர்வுட் தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் அல்லர். சுவாமி பிரபவானந்தருடன் சேர்ந்து பகவத் கீதையை ஆங்கிலத்தில் தந்தவரும், ராமகிருஷ்ண பரமஹம்சரின் வரலாற்றை எழுதியவரும் அவரே. அந்த நூல்களை ராமகிருஷ்ண மடத்தின் விற்பனை நிலையங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு துறவியர் மடம் மரியாதையோடு அடுக்கி வைக்கும் எழுத்தாளரின் மற்றொரு நூலை, ஆபாசச் சரக்கு என்ற ஐயத்தின் பேரில் ஒரு நாட்டின் சுங்கத் துறை பறிமுதல் செய்தது என்பதை எண்ணிப் பார்க்கையில், அந்தச் சோதனைக்குக் காரணம் நூலின் உள்ளடக்கம் அல்ல, அதை விற்றவர்கள் யார் என்பதே என்ற முடிவுக்குத்தான் நான் வருகிறேன்.

கடையின் இயக்குநர்கள் மீதும் ஊழியர் ஒருவர் மீதும் சதிக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. அதற்குக் கையாளப்பட்ட சட்டம் 1876ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். உள்நாட்டில் அச்சான ஒரு நூல் மீது 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டத்தின்படி வழக்கு வந்தால், அதன் இலக்கியத் தகுதியை எடுத்துச் சொல்லி வாதாட வழி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நூலைப் பழைய சுங்கச் சட்டத்தின் கீழ்ப் பிடித்தால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. ஒரே நூல், அச்சான ஊரைப் பொறுத்து இலக்கியமாகவும் குற்றமாகவும் மாறியது. கடை பணிந்துபோகவில்லை. வழக்குச் செலவுக்காகப் பொதுமக்களிடமிருந்து 55,000 பவுண்டுக்கு மேல் திரண்டது. கோர் விடால் மட்டும் 3,000 பவுண்டு கொடுத்தார். நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. 1986இல் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. இன்று அந்த மேசைகளுக்கு முன்னால் நின்று ஒரு நூலைப் புரட்டுகிற எவரும், இரண்டு ஆண்டுகள் நீதிமன்ற நிழலில் நின்றபடியே கதவைத் திறந்து வைத்திருந்தவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இந்த வரலாறு தமிழர்களுக்குத் தொலைவானது அல்ல. விக்டோரியா காலத்துச் சட்டங்களின் சுமையை நாமும் தூக்கியவர்கள். சிலர் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1860இல் வகுக்கப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து, வயது வந்தோர் மனமொத்து வாழும் உறவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் விடுவித்தது. திருமண உரிமையை 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. எனினும், பெற்றோரால் பிரித்து வைக்கப்பட்ட தன் துணைக்காக ஒரு பெண் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியிருக்கிறது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்க முடிவெடுத்து, 2023 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. இலங்கையிலோ 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் பல பத்தாண்டுகளாக அச்சுறுத்தி வந்திருக்கின்றன. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டது. மலேசியாவில் இருபது ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. ஆகவே சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நான்கு தமிழர்கள் ஒரே நாளில் இந்தக் கடைக்குள் நுழைந்தால், ஒரே புத்தகத்தை எடுக்கும் அவர்களுடைய கைகளில் ஒரே அளவு துணிவு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கடைக்கு வெளியே, சுவரில் மார்க் ஆஷ்டனின் நினைவாக ஒரு பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. 1984-85இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது அவர்களுக்காக நிதி திரட்டிய தன்பாலீர்ப்பினர் குழுவைத் தொடங்கியவர்களுள் அவர் ஒருவர். அக்குழு இக்கடையில் கூடியது. கடைவாசலிலேயே நின்று வாளியேந்திக் காசு சேர்த்தது. 1985ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ‘பிரைடு’ எனப்படும் தன்பாலீர்ப்பினர் சுயமரியாதைப் பேரணியில் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகைகளோடு வந்து அந்த உதவிக்கு நன்றி செலுத்தினார்கள். ஆஷ்டன் 1987இல் எய்ட்ஸ் நோயால், 26 வயதில் இறந்தார். தொழிற்சங்க மரபில் வளர்ந்த எந்தத் தமிழரும் அந்தப் பலகையின் கீழே ஒரு நிமிடம் நிற்பார் என்று நம்புகிறேன்.

இங்கே யாரையாவது சந்திக்க முடியுமா, துணை கிடைக்குமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இணையமும் செயலிகளும் இல்லாத நாட்களில் இக்கடையின் அறிவிப்புப் பலகைதான் பலருக்கு நகரத்தின் கதவாக இருந்தது. வேலையை முடித்துவிட்டு வருபவர்கள் அறை தேடுவதற்கும் கூட்ட நாள் அறிவதற்கும் அதைத்தான் பார்த்தார்கள். கறுப்பினத்தவரும் ஆசியர்களும் சேர்ந்து தொடங்கிய ஒரு தன்பாலீர்ப்பினர் குழு 1980களின் தொடக்கத்தில் இங்கு கூடியது. லெஸ்பியன் பெண்களின் கலந்துரையாடல் குழு ஒன்று பல பத்தாண்டுகளாக இக்கடையோடு இணைந்து இயங்கியிருக்கிறது. இப்போது எழுத்தாளர் சந்திப்புகளும் வாசிப்புக் கூட்டங்களும் மாலை வேளைகளில் நடைபெறுகின்றன. நாற்காலிகளைப் போட்டால் கடை நிரம்பிவிடும் அளவுக்குச் சிறிய கூட்டங்கள் என்பதால், பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் பேசாமல் திரும்புவதுதான் கடினம். துணை தேடும் நோக்கத்தோடு மட்டும் போக வேண்டாம் என்பது என் கருத்து. படித்த ஒரு நூலைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவரோடு பேச முடிந்தால், படத்தையும் தொலைவையும் மட்டும் காட்டும் செயலியில் கிடைக்காத ஒரு பழக்கம் அங்கே தொடங்க வாய்ப்புண்டு. தனியாக வெளிநாடு வந்து, பல்கலைக்கழக விடுதி அறையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மாலைகளைக் கழிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்தமாகவே சொல்வேன்.

என்ன வாங்கலாம் என்பதற்கு வருவோம். நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் நூல்களை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆனால் நம் மண்ணோடு தொடர்புடைய எழுத்துகளைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். முதலில் ஷியாம் செல்வதுரையைக் கேளுங்கள். கொழும்பில் வளரும் ஒரு தமிழ்ச் சிறுவன், பெண்பிள்ளைகளோடு மணப்பெண் விளையாட்டு விளையாடியதற்காகக் கண்டிக்கப்படுவதில் தொடங்கி, 1983 கலவரத்தில் வீடிழப்பது வரை செல்லும் அவருடைய முதல் நாவல் 1994இல் வந்தது. அந்தச் சிறுவனுக்குத் தமிழன் என்பதாலும் இடமில்லை, ஆண்களை நேசிப்பவன் என்பதாலும் இடமில்லை. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்காமல் எழுதியிருப்பதால், நம் குடும்பங்களில் எந்தத் தலைமுறையினரிடமும் தைரியமாகக் கொடுக்கக்கூடிய நூல் அது. அடுத்து, 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல். அதன் நாயகன் தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு போர்ப் புகைப்படக்காரர். கொடூரமும் நகைப்பும் கலந்த கதை என்பதால், பெற்றோருக்கு முதல் நூலாக இதைத் தர மாட்டேன். நாமக்கல் பகுதியில் பிறந்த திருநங்கை ஏ. ரேவதியின் தன்வரலாறும் ஆங்கிலத்தில் உண்டு. தமிழ் வாழ்க்கை ஒன்று லண்டன் வாசகரின் கைக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது என்ற நிறைவுக்காகவாவது அதைக் கேட்டுப் பார்க்கலாம். இவற்றுக்கு அப்பால், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களான ஜேம்ஸ் பால்ட்வினையும் ஆட்ரி லார்டையும் இதுவரை படிக்காதவர்கள் அங்கிருந்து ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளலாம். இனத்தாலும் பாலீர்ப்பாலும் ஒருசேர ஒதுக்கப்பட்டவர்களின் கோபத்தை இவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் குறைவு. சாதியை அறிந்த நமக்கு அந்தக் கோபம் உடனே பிடிபடும்.

விலையில் மலிவை எதிர்பார்க்க முடியாது. சாதாரண அட்டை போட்ட நாவல் ஒன்று பத்து முதல் பதின்மூன்று பவுண்டு வரை இருக்கும். நம் பணத்தில் ஆயிரத்து நூறு ரூபாய்க்குக் குறையாது. இணையத்தில் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பது உண்மைதான். 2007இல் ஏறிய வாடகையைச் சமாளிக்க முடியாமல் இக்கடை மூடும் நிலைக்கு வந்து, அலமாரித் தட்டுகளுக்கு ஆளுக்கொரு தொகை கொடுத்து வாசகர்கள்தான் அதைத் தாங்கிப் பிடித்தார்கள் என்பதை நினைவில் கொண்டால், கூடுதலாகக் கொடுக்கும் இரண்டு பவுண்டு எங்கே போகிறது என்பது விளங்கும். நியூயார்க்கில் 1967இல் தொடங்கப்பட்டு, இத்தகைய கடைகளுக்கெல்லாம் முன்னோடியாக இருந்த ஆஸ்கர் வைல்டு நினைவுப் புத்தகக் கடை 2009இல் மூடப்பட்டுவிட்டது. மாணவர்கள் ஒரே ஒரு நூல் வாங்கினாலும் போதும். ஒன்றும் வாங்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஊருக்கு எடுத்துச் செல்வது குறித்துச் சில எச்சரிக்கைகள் அவசியம். இந்தியாவுக்குள் இந்நூல்களைக் கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. வீட்டில் பெட்டியைத் திறப்பவர் யார் என்பதுதான் கேள்வி. அப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்கள் அட்டைப்படம் அடக்கமாக உள்ள பதிப்பைக் கேட்டு வாங்கலாம், அல்லது மின்னூலாக வாசித்துவிட்டு அச்சு நூலை நண்பரிடம் விட்டு வரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் பாதுகாப்பைத் தானே கணித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. மலேசியாவுக்குத் திரும்புபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் இவ்வகை நூல்கள் சில தடை செய்யப்பட்டிருக்கின்றன. 2023இல் வானவில் நிறக் கைக்கடிகாரங்களைக்கூட அரசு பறிமுதல் செய்து, பிறகு அவற்றை வைத்திருப்பதையே தண்டனைக்குரிய குற்றமாக அறிவித்தது. அங்கு வாழும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: லண்டனில் இருக்கும் நாட்களிலேயே வாசித்து முடியுங்கள், எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை குறைந்த நேரமே திறந்திருக்கும் என்பதால் வார நாளில் போவது நல்லது. காலையில் கூட்டம் இருக்காது. ஊழியர்களோடு ஆற அமரப் பேச விரும்புபவர்களுக்கு அந்த நேரமே ஏற்றது. பசித்தால் யூஸ்டன் நிலையத்தின் பக்கமாக நடந்து டிரம்மண்ட் தெருவுக்குப் போகலாம். தோசையும் சைவச் சாப்பாடும் கிடைக்கும் பழைய உணவகங்கள் அங்கே வரிசையாக உள்ளன. பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் அவர்களைக் கடைக்குள் தனியாகச் சிறிது நேரம் விட்டுவிட்டு வெளியே தேநீர் குடிக்கப் போவது நல்லது. பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது கேட்கத் தயங்கும் கேள்விகளை அம்மாவும் அப்பாவும் கடைக்காரரிடம் கேட்பார்கள். மொழி தடையாக இருந்தால், கேட்க நினைப்பதை முன்பே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

சென்னையில் 2018 முதல் நடைபெற்ற பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) இலக்கிய விழாவைக் கண்டவர்களும், ஓரினம் குழு இணையத்தில் தமிழிலேயே வெளியிட்டுவரும் கட்டுரைகளையும் கவிதைகளையும் படித்தவர்களும், நம்மிடம் எழுத்துக்குப் பஞ்சமில்லை என்பதை அறிவார்கள். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு சிறிய கடையோ, இருக்கும் கடை ஒன்றில் மருத்துவ நூல்களை விட்டு விலகி நிற்கும் ஒரு தனி அலமாரியோ தமிழ்நாட்டில் இன்னும் வாய்க்கவில்லை என்பது என் ஆற்றாமை. புத்தகக் கடை நடத்தும் தமிழர் எவரேனும் லண்டன் செல்ல நேர்ந்தால், மார்ச்மன்ட் தெருவுக்குப் போய், அந்த அலமாரிகளில் நூல்கள் எப்படிப் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் குறித்துக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைச் செய்து பார்க்கத் தனி முதலீடு ஏதும் தேவையில்லை.